அண்ணாச்சிகிட்ட கேளுங்க: சால்னா வாடையும் வாட்டர்கலரும்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டைல ஒரு புரோட்டா கடைல சப்ளையரா இருக்கேன், ஓவியனா ஆவணும்னு ஆசை, ஆனா ராத்திரி ரூமுக்கு வந்து பேப்பர தொட்டா எண்ணெய்க் கறைதான் விழுது, கலரே புடிக்க மாட்டேங்கு. வேலைய விட்டுரட்டா?

பதில்: விட்டுராத தம்பி, மூணு வேளை சோறு கெடைக்குல்லா! எண்ணெய் பட்ட எடத்துல வாட்டர்கலர் நிக்காது, முத்து முத்தா உருண்டு ஓடிரும், அதனால கடலமாவு போட்டு ரெண்டு தடவ கைய கழுவிட்டு, வரையும்போது உள்ளங்கைக்கு அடியில ஒரு வெத்துத் தாள வச்சுக்க.

மத்தியானக் கூட்டம் வடிஞ்சு சாயங்காலம் கல்லு காயுற வரைக்கும் கொஞ்சம் சும்மாதான இருப்ப, அப்ப மாஸ்டர் மாவு வீசுறத பால்பாயிண்ட் பேனால வரஞ்சு பாரு, அந்த மணிக்கட்டு திரும்புறதும் தோள்பட்டை ஏறி எறங்குறதும் இருக்கே, வேற எங்க போயி இப்படி ஒரு மாடல புடிப்ப? ரப்பர் வேண்டாம், அழிச்சு அழிச்சு வரஞ்சா கை ஓடாது.

லீவு அன்னைக்கு தூங்கிக் கழிக்காம திருச்செந்தூர் ரோட்டுல இருக்க கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு பஸ் ஏறு, கல்லுல நகமும் நரம்பும் தெரிய செதுக்கிருக்கான் பாவி மக்கா. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ள நாயக்கர் காலத்து ஓவியம் இருக்கு, கோயில்ல கேட்டுட்டு ஏறிப் பாரு.

ஆமா, பில்லு புக்குல மட்டும் வரஞ்சிராத, மொதலாளி சம்பளத்துல புடிச்சுருவாரு.