வீட்டுத் தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி: கேள்வி பதில்

கேள்வி: இரவில் சமையலறைத் தரையில் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று ஓடுகிறது. வலை எதுவும் இல்லை. பின்புறத்தில் வெள்ளை உருண்டை ஒட்டியிருக்கிறது. என்ன அது?

பதில்: பெண் ஓநாய்ச் சிலந்தி, உருண்டை அதன் முட்டைப்பை. இவற்றில் பெரும்பாலானவை வலை பின்னிக் காத்திராமல், தரையில் பதுங்கியும் ஓடியும் இரை பிடிப்பவை. குஞ்சுகள் வெளிவரும் பருவத்தில் தாய் பையின் ஓரத்தைக் கிழித்துவிட, அவை கால்களைப் பற்றி ஏறி, அதன் முதுகில் சில நாட்கள் தங்கும். டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தரையைப் பாருங்கள். தாயின் கண்கள் பச்சையாக மின்னும். தயவுசெய்து துடைப்பத்தால் அடிக்காதீர்கள். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே விடுங்கள்.

கேள்வி: சுவரில் உள்ளங்கை அகலத்தில், தட்டையாக ஒன்று இருக்கிறதே?

பதில்: அது வேறு குடும்பம். கரப்பான் பூச்சியைத் தின்னும். அதையும் அடிக்க வேண்டாம்.

கேள்வி: ஓநாய்ச் சிலந்தி கடித்தால் ஆபத்தா?

பதில்: கையால் பிடித்தாலோ நசுக்கினாலோதான் கடிக்கும். வலியும் வீக்கமும் பொதுவாகத் தாமாகவே அடங்கும். சோப்பு நீரால் கழுவினால் போதும். மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: விஷம் உண்டா? (மூவர் கேட்டுள்ளனர்.)

பதில்: கடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டுக் கழுத்தில் கொப்புளம் வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: சிலந்தியின் கழிவு தோலைப் பொசுக்குவதில்லை. மழைக்காலத்தில், வயலோர வீடுகளின் விளக்கொளிக்கு, கருப்பும் ஆரஞ்சும் மாறிமாறி அமைந்த, எறும்பைப் போல் நீண்ட சிறு வண்டு ஒன்று வரும். அது கடிக்காது, கழுத்தில் ஊர்வதை நாம் தூக்கத்தில் தேய்த்து நசுக்கும்போது, அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்னும் நச்சு தோலில் கோடாகப் பரவுகிறது.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியாது. கொப்புளம் வந்த காலையில் தலையணையருகே சிலந்தியைக் கண்ணால் பார்த்தேன்.

பதில்: பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் பெடரின் பட்ட இடம் பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தே சிவந்து கொப்பளிக்கும். அதற்குள் நசுங்கிய வண்டை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, அன்று கண்ணில் பட்ட சிலந்தியின் மேல் பழி விழுகிறது. முழங்கை மடிப்பில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு தழும்புகள் தெரிந்தால், அது மடிப்புக்குள் நசுங்கிய வண்டின் அடையாளம். மாறாக, உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாகக் கொப்புளமும் எரிச்சலும் இருந்தால் அது அக்கி அம்மையாக இருக்கலாம். அதற்கான வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. காவி பூசி அக்கி எழுதிக்கொண்டு அந்த நேரத்தைக் கடத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சிலந்திகளை மருந்தடித்து ஒழிக்கலாமா?

பதில்: வேண்டாம். நெல்வயலில் புகையான் என்னும் பயிர்ப்பூச்சியைத் தின்பவற்றில் ஓநாய்ச் சிலந்திகள் முக்கியமானவை; கண்மூடித்தனமாக மருந்தடித்த வயல்களில் சிலந்திகள் மடிய, புகையான் முன்னினும் பெருகியதை உழவர்கள் அறிவார்கள். வீட்டிலும் டம்ளரும் அட்டையும் போதும்.

கேள்வி: வெளியே விட்டால் திரும்பி வராதா?

பதில்: வரலாம். கதவடி இடைவெளியை அடைத்துவிடுங்கள். வாசல் விளக்கை இரவில் அணைத்துவிட்டால் சிலந்திக்கு இரையாகும் பூச்சிகளும் குறையும்.