400 பேர் வரவேற்புக்கு நாமே பார் வைப்பது: கேள்வி பதில்

லண்டனில் பல வருடமாக ஓஃப் லைசன்ஸ் கடை, அதாவது வீட்டுக்குக் கொண்டுபோகக் குடிவகை விற்கிற கடை, வைத்திருக்கிறேன். கோடை வந்தால் வியாபாரத்தில் பெரும்பங்கு எங்கள் ஆட்களின் கல்யாணம்தான். மண்டபத்தின் பாரை எடுக்காமல் சொந்தமாக வாங்கி வைக்க நினைப்பவர்கள் கேட்டவற்றைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் தமையன், ஹரோ: அண்ணை, 400 பேருக்குச் சொல்லியிருக்கிறோம். 60 போத்தல் விஸ்கி வேண்டும் என்று மாமா நிற்கிறார். உண்மையில் எவ்வளவு தேவை?

மாமாவை முதலில் கொஞ்சம் இருத்துங்கள் தம்பி. தலைகளை எண்ணி வாங்கக்கூடாது, குடிக்கிற ஆட்களை எண்ணி வாங்க வேண்டும். அழைப்பாளர் பட்டியலை எடுத்து, பெயர் பெயராகப் பேனையால் புள்ளி போடுங்கள். 400 இல் 80 பேர் பிள்ளைகள் என்று வையுங்கள். மிச்சம் 320. எங்கள் சனத்தில் அதில் பாதிக்கு மேல் குடிப்பது அருமை. ஆக 160 பேர்.

ஐந்து மணிநேர வரவேற்பு என்றால், முதல் மணிநேரத்தில் இரண்டு, அதன்பிறகு மணிக்கு ஒன்று என்று பொதுவாகக் கணக்குப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஆளுக்கு ஆறு. ஆனால் மேடையில் படம் எடுக்கக் கியூவில் நிற்பதிலும், சாப்பாட்டிலும், பெரியம்மாவிடம் பிடிபடுவதிலும் ஒன்று கழிந்துவிடும். ஐந்து போடுங்கள். மொத்தம் 800.

எங்கள் கல்யாணங்களில் நான் காண்கிற பங்கீடு: விஸ்கி, பிராண்டிக்கு 360, பியருக்கு 240, வைனுக்கு 160, வொட்கா மாதிரி மற்றவைக்கு 40. 70 சென்டிலிட்டர் போத்தலில் 25 மில்லி அளவு 28 வரும். எங்கள் ஆட்களுக்கு 25 மில்லி ஊற்றினால் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள், அதனால் 50 என்றே வையுங்கள், 14 வரும். ஆக விஸ்கியும் பிராண்டியும் சேர்த்து 26 போத்தல். பியர் 24 போத்தல் பெட்டியாகப் பத்துப் பெட்டி. வைன் ஒரு போத்தலுக்கு நாலு கிளாஸ், 40 போத்தல். வொட்கா மூன்று. இதற்கு மேல் எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு கூட எடுத்தால் போதும். 60 போத்தல் விஸ்கி என்பது மாமாவின் கௌரவம், தாகம் இல்லை.

பெண்ணின் தகப்பன், ஈஸ்ட் ஹாம்: ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிளாக் லேபல் விஸ்கிப் போத்தல் வைத்தால் பார்க்க வடிவாக இருக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம் ஐயா, செலவு பற்றிக் கவலை இல்லையென்றால். பத்துப் பேர் மேசை என்றால் 40 மேசை, 40 போத்தல். அதில் பத்து மேசையில் அம்மம்மாமாரும் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த மேசைப் போத்தல் பெட்டிகூட உடைபடாமல் ஏழு மணிக்கு இருக்கும், எட்டு மணிக்கு இருக்காது. பக்கத்து மேசைக்குப் போனதா, காரின் பின்பெட்டிக்குப் போனதா என்று ஒருவருக்கும் தெரியாது. மேசையில் திறந்த போத்தலைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. என்னைக் கேட்டால் மேசைக்கு வைன் மட்டும் வையுங்கள், விஸ்கி பாரிலேயே நிற்கட்டும். மேசைக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால், குடிக்கிற மேசைகளை மட்டும் குறித்து, சாப்பாட்டுக்குச் சற்று முன் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் நண்பர், குரொய்டன்: மண்டபத்தில் நாங்கள் குடிவகை கொடுக்க லைசன்ஸ் வேண்டுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 ஆம் ஆண்டின் லைசன்சிங் சட்டம் பார்ப்பது விற்பனையை. அழைத்த விருந்தாளிகளுக்கு இலவசமாக ஊற்றிக் கொடுத்தால் அதற்கு லைசன்ஸ் தேவையில்லை. கவருக்குள் காசு வைத்துத் தருகிறார்களே என்று ஒருவர் என்னைக் கேட்டார். அது அன்பளிப்பு, பயப்பட வேண்டாம். ஆனால் காசுக்கு விற்கிற பார் வைத்தாலோ, குடிவகையும் சேர்த்து டிக்கெட் விற்றாலோ அது விற்பனை. மண்டபத்துக்கு லைசன்ஸ் இல்லையென்றால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண். பத்து வேலைநாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். வேலை செய்கிறவர்களையும் சேர்த்து 499 பேருக்கு மேல் போகக்கூடாது.

சட்டத்தை விட மண்டபத்தின் ஒப்பந்தம்தான் பெரிய தலையிடி. சில மண்டபங்கள் வெளிக் குடிவகையை விடவே விடாது. சில இடங்களில் போத்தலுக்கு இவ்வளவு என்று கோர்க்கேஜ், அதாவது வெளிக் குடிவகைக்கான கட்டணம், கேட்பார்கள். அது திறந்த போத்தலுக்கா, உள்ளே கொண்டுவந்த போத்தலுக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முற்பணம் கட்ட முன்னமே கேளுங்கள்.

பெண்ணின் மச்சாள், மில்டன் கீன்ஸ்: மிஞ்சினால் திருப்பி எடுப்பார்களா அண்ணா?

'சேல் ஓர் ரிட்டர்ன்', அதாவது மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கிற முறை, என்று கேட்டு வாங்குங்கள் தங்கச்சி. எல்லாக் கடையும் தராது, தருகிற கடையும் நிபந்தனை போடும். போத்தல் திறக்காமல் இருக்க வேண்டும், ரசீது வேண்டும், மொத்தக் கடை என்றால் பெட்டியே உடைக்காமல் இருக்க வேண்டும்.

பலர் மாட்டுப்படுவது லேபலில். 40 வெள்ளை வைனையும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு 15 மிஞ்சியிருக்கும், லேபல் எல்லாம் ஊறிக் கழன்று தொட்டியின் அடியில் கிடக்கும். லேபல் இல்லாத போத்தலை நான் எப்படித் திரும்ப எடுத்து இன்னொருவருக்கு விற்பது? பன்னிரண்டு பன்னிரண்டாகக் குளிரவையுங்கள். அது முடிகிற நேரம் அடுத்த பெட்டியைத் திறக்கலாம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா, லெஸ்டர்: ஐஸ் எவ்வளவு?

நினைப்பதை விட இரண்டு மடங்கு. கிளாஸில் போட மட்டும் ஆளுக்கு அரைக் கிலோ என்றால் 400 பேருக்கு 200 கிலோ. சோடா குடிக்கிற பிள்ளையும் ஐஸ் எடுக்கும், அதனால் இங்கே எல்லாத் தலையையும் எண்ண வேண்டும். குளிரவைக்க இன்னொரு 100 கிலோ. சூப்பர்மார்க்கெட்டின் 2 கிலோ பையில் வாங்கினால் 150 பை. ஒரு கடையில் அவ்வளவு இருக்காது. ஐஸ் விற்கிற நிறுவனத்திடம் சொன்னால் பெரிய பையாக மண்டபத்துக்கே கொண்டுவந்து இறக்குவார்கள், மாலை நாலு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

பியரை வெறும் ஐஸில் புதைக்காதீர்கள். பாதி ஐஸ், பாதித் தண்ணீர், இரண்டு கை உப்பு. தண்ணீர் போத்தலைச் சுற்றிவர முட்டுவதால் சூடு கெதியாக இறங்கும், உப்பு அந்தத் தண்ணீரைப் பூச்சியத்துக்கும் கீழே கொண்டுபோகும். அரை மணிநேரத்தில் குடிக்கக்கூடிய குளிர் வரும். குளிரவைத்த ஐஸை யாரும் அள்ளிக் கிளாஸில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் கைவிட்ட தண்ணீரோ.

பெண்ணின் அண்ணன், சவுத்ஹோல்: பிரான்ஸுக்கு வான் வண்டியில் போய் அள்ளிக்கொண்டு வந்தால் மலிவுதானே?

அந்தக் காலம் 2020 உடன் முடிந்தது தம்பி. இப்போது பெரியவர் ஒருவருக்குப் பியர் 42 லிட்டர், வைன் 18 லிட்டர், விஸ்கி போன்றவை 4 லிட்டர் மட்டுமே வரியில்லாமல் கொண்டுவரலாம். இந்த அளவைத் தாண்டினால் தாண்டிய பங்குக்கு மட்டும் இல்லை, அந்த வகை முழுவதற்கும் வரி. நாலு பேர் போனால் வைன் 72 லிட்டர், 96 போத்தல். வைனுக்காகப் போகலாம். விஸ்கிக்காகப் போவது பெற்றோலுக்கே காணாது.

மாப்பிள்ளை, கிளாஸ்கோ: இங்கே விலை கூட. இங்கிலாந்தில் வாங்கிக்கொண்டு வரலாமா?

தாராளமாக. ஸ்கொட்லாந்தில் ஓர் அல்கஹோல் யூனிட்டுக்கு (10 மில்லி தூய அல்கஹோல்) குறைந்தது 65 பென்ஸ் விலை இருக்க வேண்டும் என்பது 2024 செப்டெம்பர் முதல் சட்டம். 40 சதவீத விஸ்கி ஒரு போத்தலில் 28 யூனிட், ஆகவே 18 பவுண் 20 பென்ஸுக்குக் கீழே விற்க முடியாது. நல்ல விஸ்கி எப்படியும் அதைவிடக் கூடத்தான், வித்தியாசம் மலிவுச் சரக்கில்தான் தெரியும். திருப்பிக் கொடுக்க மீண்டும் எல்லை தாண்டி வரவேண்டும், அதையும் யோசியுங்கள்.

பெண்ணின் தாய், வெம்பிளி: குடிக்காத எங்களுக்கு என்ன வைக்கிறீர்கள்?

நல்லாய்க் கேட்டீர்கள் அக்கா. ஒருவரும் கேட்பதில்லை. குடிக்காத 240 பேர் ஆளுக்கு நாலு கிளாஸ் என்றால் 190 லிட்டருக்கு மேல். விஸ்கிக்குக் கலக்க இன்னொரு 50 லிட்டர். தண்ணீர் தனி. கோலா, ஸ்ப்ரைட், மாம்பழ ஜூஸ், இஞ்சி பியர் என்று வையுங்கள். முக்கியமாக, இதற்கு வேறு மேசை போட வேண்டும். ஒரு ஜூஸுக்காக அம்மம்மா விஸ்கிக் கியூவில் நின்றால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஐந்து வருடம் கதைப்பார்கள்.

பெண்ணின் தம்பி, ஹவுன்ஸ்லோ: யார் ஊற்றுவது? மச்சான்மார் போதாதா?

மச்சான்மார் முதல் ஒரு மணிநேரத்துக்குப் போதும். அதன்பிறகு அவர்களும் விருந்தாளிகள். காசு கொடுத்து நாலு பேரை அமர்த்துங்கள், 50 மில்லி அளவுக் குவளை இல்லாமல் ஊற்றக்கூடாது என்று சொல்லுங்கள். கையால் ஊற்றினால் 14 என்ற கணக்கு ஒன்பதில் வந்து நிற்கும். 18 ஆகாதவருக்கு ஊற்றக்கூடாது. ஸ்டோர் சாவி குடிக்காத ஒருவரின் கையில் இருக்கட்டும், ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு சித்தப்பா இருப்பார். ரோல்ஸ், டெவில் மட்டன் எல்லாம் பார் திறக்கும் அதே நேரத்துக்கு வெளியே வரவேண்டும், வெறும் வயிற்றில் ஊற்றத் தொடங்கினால் சிக்கல். மண்டபம் மூட ஒரு மணிநேரம் முன்னம் பாரை மூடிவிட்டுத் தேநீர் கொடுங்கள். வெளியூர் ஆட்களுக்கு மினி காப் (வாடகைக் கார்) இலக்கத்தை மேசை அட்டையில் அடித்து வையுங்கள். கிளாஸ்கோவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: வாகனம் ஓட்டுகிறவரின் 100 மில்லி மூச்சில் இருக்கக்கூடிய அல்கஹோல் அளவு இங்கே 35 மைக்ரோகிராம், அங்கே 22. இங்கே குடித்துவிட்டு விடிய எழும்பி எல்லை தாண்டி ஓட்டும்போது அங்கத்தைய அளவுதான் செல்லும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா, நியூ மோல்டன்: தென்னஞ் சாராயம் இல்லாமல் என்ன கல்யாணம்?

மூன்று போத்தல் எடுத்து வையுங்கள் பெரியப்பா. இஞ்சி பியரும் தேசிக்காய்த் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். கேட்டு வருகிற பத்துப் பேருக்கு அது போதும்.