மூச்சில்லாமலும் ஆற்றல்

கேள்வி: ஆக்சிஜனே இல்லாவிட்டால் செல்லுக்கு ஆற்றல் எப்படிக் கிடைக்கும்?

பதில்: கிடைக்கும், ஆனால் கொஞ்சம்தான். ஒரு குளுக்கோஸை பைருவேட் என்ற இரண்டு சிறிய மூலக்கூறுகளாக உடைக்கும் முதல் கட்டத்துக்கு ஆக்சிஜனே தேவையில்லை. அதில் நிகரமாக 2 ஏடிபி (செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு) கிடைக்கிறது (ஆக்சிஜன் இருந்தால் மொத்தம் 30 வரை வரும்). சரி, இதையே திரும்பத் திரும்பச் செய்யலாமே என்றால், அங்கேதான் சிக்கல். உடைக்கும்போது குளுக்கோஸிலிருந்து வரும் எலக்ட்ரான்களை என்ஏடி என்ற மூலக்கூறு வாங்கிக்கொள்கிறது, செல்லில் அது இருப்பதோ கொஞ்சம், எல்லாம் நிரம்பிவிட்டால் வேலை அப்படியே நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாதபோது இதற்கு வழி நொதித்தல். அது செய்வது அந்த என்ஏடியைக் காலி செய்து தருவதுதான், தனியாக ஏடிபி எதுவும் அது தருவதில்லை. நம் தசை எலக்ட்ரான்களை பைருவேட்டிடமே கொடுத்து லாக்டேட் ஆக்கும். ஈஸ்ட் முதலில் கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு மிச்சத்தை ஆல்கஹாலாக மாற்றும்.

நம் ரத்தச் சிவப்பணுக்களைப் பாருங்கள், ஆக்சிஜனைச் சுமந்து திரிவதே அவைதான், ஆனால் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் அதில் துளிகூடத் தங்கள் ஆற்றலுக்கு எடுத்துக்கொள்ள முடியாமல் வாழ்நாள் முழுக்க இந்த 2 ஏடிபியிலேயே ஓட்டுகின்றன! அப்புறம், லாக்டேட் வெறும் கழிவு இல்லை. கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக்கிவிடும், இதயத் தசை எரிபொருளாகவே பயன்படுத்தும்.