ஒரு தட்டு ஃப்ரைடு ரைஸில் எவ்வளவு உப்பு? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைச் சாப்பாட்டைப் பற்றியவை. பதில்களுக்குப் போகும் முன் ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அதில் இருக்கும் சோடியம் 2000 மில்லிகிராம். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு வந்துவிடும். கீழே வரும் கடைக் கணக்குகள் எல்லாம் உத்தேசம்தான். கடைக்குக் கடை, கைக்குக் கை மாறும்.

கேள்வி: திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் இரவுச் சாப்பாடு தள்ளுவண்டிக் கடை ஃப்ரைடு ரைஸ்தான். சாப்பிடும்போது உப்புக் கரிப்பதே இல்லை. பிறகு ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

பதில்: கரிக்காததால்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது, தம்பி. போன மாதம் எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு முட்டை ரைஸ் சொல்லிவிட்டு, மாஸ்டரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டி காய்ந்ததும் ஒரு குத்து எண்ணெய். இரண்டு முட்டை, கோஸ், கேரட். அப்புறம் கரண்டி நுனியால் உப்பு டப்பாவில் ஒரு தொடல், அஜினோமோட்டோ டப்பாவில் ஒரு தொடல், மிளகுத்தூளில் ஒரு தொடல். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து சோயா சாஸ் ஒரு சுற்று. சோறு விழுந்தது. நிறம் போதவில்லை என்று இன்னொரு சுற்று. கடைசியில் சோறு ஒட்டாமல் இருக்க ஓரமாக இன்னொரு குத்து எண்ணெய். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அதே அளவுகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கரண்டி நுனி உப்பு 2 கிராம் வந்தது, அதில் மட்டும் 800 மில்லிகிராம் சோடியம். சோயா சாஸ் ஒரு டீஸ்பூனில் 300 மில்லிகிராம் இருக்கும், அவர் ஊற்றியது இரண்டு டீஸ்பூனுக்குக் குறையாது. அஜினோமோட்டோவில் ஒரு நூறு, முட்டையில் ஒரு நூறு. எல்லாம் சேர்ந்து 1600. தொட்டுக்கொள்ளச் சிவப்பாக ஒரு சாஸ் வைக்கிறார்களே, அது தனி. ஆக ஒரே தட்டில் உங்கள் ஒரு நாள் கணக்கு முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிடுகிறது. காலையில் சாப்பிட்ட சாம்பாரும் மதியம் தொட்டுக்கொண்ட ஊறுகாயும் இதற்கு வெளியே.

கலோரியைப் பார்த்தால், 300 கிராம் சோற்றுக்கு 390, இரண்டு முட்டைக்கு 140, 30 மில்லி எண்ணெய்க்கு 250 போல. மொத்தம் 800 பக்கம். இளைஞருக்கு ஒரு வேளைக்கு இது அப்படியொன்றும் பயங்கரமான எண் இல்லை. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயிலிருந்தே வருவதைக் கவனியுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே, "அண்ணே, சோயா சாஸ் வேண்டாம், எண்ணெய் ஒரு தடவை போதும்" என்று சொல்லிவிடுங்கள். சாஸ் விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகப் போடுவதால் இந்தக் கடைகளில் இப்படிக் கேட்க முடியும். பெரிய சங்கிலிக் கடைகளில் கிடைக்காத வசதி இது. நண்பரோடு ஒரு தட்டு ரைஸைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை சேர்த்துக்கொள்ளலாம். நான்கு நாளை இரண்டாக்குங்கள். மற்ற நாட்களில் இட்லியோ சப்பாத்தியோ நல்லதுதான், ஆனால் சாம்பாரையும் குருமாவையும் கிண்ணம் கிண்ணமாக வாங்கி ஊற்றிக்கொண்டால் உப்புக் கணக்கு அங்கேயும் ஏறிவிடும்.

முதல் இரண்டு வாரம் சப்பென்று இருக்கும். நாக்கு குறைந்த உப்புக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும், ஆனால் நிச்சயமாகப் பழகிவிடும்.

கேள்வி: அஜினோமோட்டோ விஷம் என்கிறார்களே?

பதில்: விஷம் இல்லை. தக்காளியில், தாய்ப்பாலில்கூட இயல்பாக இருக்கும் குளூட்டமேட்டின் சோடியம் உப்பு அது. ஜப்பானில் 1908-ல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எடைக்கு எடை பார்த்தால் சாப்பாட்டு உப்பில் சுமார் 39 சதவீதம் சோடியம், இதில் 12 சதவீதம்தான். ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட இரவு தண்ணீர் தாகம் எடுப்பதற்குப் பெரும்பாலும் பக்கத்து டப்பாவில் இருக்கும் உப்பும் சோயா சாஸும்தான் காரணம். யாருக்காவது அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தவிர்க்கட்டும். மற்றவர்கள் அதைப் போடாத கடையைத் தேடி அலைவதைவிட, உப்பும் சாஸும் குறைவாகப் போடும் கடையைத் தேடலாம்.

கேள்வி: கோவையில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 9, 12 வயது. மாதம் இரண்டு தடவை மாலில் பர்கர் வாங்கித் தர வேண்டியிருக்கிறது. ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸில்தான் உப்பு அதிகம் என்று அதை மட்டும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: கலோரிக்காக என்றால் சரி. நடுத்தர அளவு ஃப்ரைஸ் 300 கலோரிக்கு மேல் வரும். உப்புக்காக என்றால் பர்கரைத்தான் பார்க்க வேண்டும். ஃப்ரைஸில் உப்பு மேலே தூவப்படுகிறது, நேராக நாக்கில் படுகிறது, அதனால் அதிகமாகத் தெரிகிறது. பர்கரில் அது உள்ளுக்குள் இருக்கிறது. பன் மாவில், நடுவில் வைக்கும் பட்டியில், சீஸ் துண்டில், சாஸில் என்று நான்கு இடத்தில். ஒரு சீஸ் துண்டில் மட்டும் 200 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருக்கும். பெரும்பாலான சாதாரண பர்கர்களில் நடுத்தர ஃப்ரைஸைவிட இரண்டு மடங்கு சோடியம் இருக்கும், சீஸும் பட்டியும் இரட்டையானால் அதற்கும் மேல்.

நீங்கள் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும், அது குளிர்பானம். 300 மில்லி கோலாவில் 130 கலோரி, 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. காம்போ வாங்கினால் இது தானாக வந்துவிடும். காம்போ வேண்டாம், தனித்தனியாக வாங்குங்கள் என்று என்னிடம் வரும் எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். கணக்குப் பார்த்தால் இருபது, முப்பது ரூபாய் நஷ்டம்போலத் தோன்றும், தோன்றட்டும். சிறிய பர்கர் ஆளுக்கு ஒன்று, சீஸ் இல்லாமல். ஒரு சிறிய ஃப்ரைஸ் இருவருக்கும் பொதுவாக. குடிக்கத் தண்ணீர். கெட்சப் பொட்டலம் ஆளுக்கு ஒன்றோடு நிற்கட்டும், ஒவ்வொன்றிலும் 80 முதல் 100 மில்லிகிராம் சோடியம் உண்டு. பிள்ளைகளுக்கு வரம்பு பெரியவர்களுக்குச் சொன்ன 5 கிராமைவிடக் குறைவு என்பதையும் மறக்காதீர்கள்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவிலேயே கலோரியைப் போட வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் நம் நாட்டில் விதி. உங்கள் பிள்ளைகளையே அதை வாசிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு எண்ணை ஒப்பிடத் தெரியும், தானே தேர்ந்தெடுத்தது என்றால் முகம் சுளிக்காமல் சாப்பிடும். சோடியம் பலகையில் இருக்காது, கேட்டால் காட்ட வேண்டும். அவர்களின் இணையதளத்திலும் பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: எனக்கு 63 வயது, மதுரை. பத்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். அதனால் வாரம் ஓரிரு முறை ஓட்டலில் சாப்பிடலாம் அல்லவா?

பதில்: ஐயா, இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் மாறுகிறதே தவிர, பிரஷருக்கு அதனால் லாபம் இல்லை. அது நல்லது என்று நினைத்துக் கொஞ்சம் தாராளமாகப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்குப் பயம்.

சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த குறைந்த சோடிய உப்பு என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அது வேறு வகை, பிரஷரைக் குறைக்க உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் தயவுசெய்து நீங்களாக வாங்கிவிடாதீர்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும், டெல்மிசார்ட்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட வாய்ப்பு உண்டு. அது இதயத் துடிப்பையே பாதிக்கும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓட்டலுக்குப் போகலாம். போகிற நாளில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றும் தட்டுக்கு வர வேண்டாம். ஒரு ஸ்பூன் ஊறுகாயிலேயே ஒரு கிராம் உப்பு இருக்கிறது. மோரில் உப்புப் போடாமல் கேளுங்கள்.

கேள்வி: ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டால் திங்கள் காலை எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. ஒரே நாளில் அவ்வளவு கொழுப்பு சேருமா?

பதில்: சேராது. பெரும்பாலும் தண்ணீர்தான், வயிற்றில் இன்னும் கழியாத உணவும் கொஞ்சம். மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, உடல் திரவத்தின் உப்பு அடர்த்தியும் அதையொட்டியதுதான். நீங்கள் 4, 5 கிராம் கூடுதலாக உப்புச் சாப்பிட்டால் அதைச் சமன் செய்ய உடல் அரை லிட்டர் வரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மோதிரம் இறுகுவது, காலையில் கண் கீழே உப்பியிருப்பது எல்லாம் அதனால்தான். இரண்டொரு நாளில் இறங்கிவிடும். எடையைப் புதன்கிழமை பாருங்கள்.

கேள்வி: சென்னையில் இரவு ஷிப்ட். எண்ணெயில் பொரித்ததை விட்டுவிட்டு கிரில் சிக்கனுக்கு மாறிவிட்டேன். இது பாதுகாப்பான தேர்வுதானே?

பதில்: பாதி சரி. எண்ணெய் குறைகிறது, புரதம் நன்றாகக் கிடைக்கிறது. உப்பு குறைவதில்லை. கிரில் சிக்கனை மணிக்கணக்கில் உப்பும் மசாலாவும் தடவி ஊறவைக்கிறார்கள், அது சதைக்குள் இறங்கிவிடுகிறது. தோலை எடுத்துவிட்டுச் சாப்பிட்டால் கொழுப்போடு மேல்பூச்சு மசாலாவும் கொஞ்சம் போகும்.

கூடவே வரும் வெள்ளைக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ் 200 கலோரி. பொரித்ததை விட்டு நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தக் கிண்ணத்திலேயே திரும்பி வந்துவிடுகிறது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது, கிருமித் தொற்றுக்காக. கலோரிக்காகவும் நீங்களே ஒரு தடை போட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், எலுமிச்சை, வெள்ளரி கேட்டு வாங்குங்கள். கால் சிக்கன், இரண்டு சப்பாத்தி, ஒரு வாழைப்பழம் என்றால் இரவு வேலைக்கு நல்ல சாப்பாடு.

கேள்வி: நூடுல்ஸ் பாக்கெட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பதில்: 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்ற வரியை. 120 மில்லிகிராமுக்குள் இருந்தால் குறைவு, 600-ஐத் தாண்டினால் அதிகம். உடனடி நூடுல்ஸில் பெரும்பாலானவை இந்த அறுநூறை எளிதாகத் தாண்டும். மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, காய்கறியும் முட்டையும் சேர்த்துக் கிளறுங்கள்.

கேள்வி: விருதுநகர்க்காரன் நான். பரோட்டாவை விடச் சொல்லாதீர்கள். வேறு ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: விடச் சொல்லவில்லை. உங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டா பொரித்தெடுப்பது, கல்லில் போடுவதைவிடக் கலோரி கூடுதல். கல்லில் போட்டதே ஒன்று 250 முதல் 300 வரை வரும். மூன்று சாப்பிட்டால் 800 பக்கம் வந்துவிடும். மாவிலும் உப்பு உண்டு, ஒரு பரோட்டாவுக்கு 300 மில்லிகிராம் சோடியம் வைத்துக்கொள்ளலாம். சால்னா ஒரு கரண்டிக்கு 400. பிய்த்துப் போட்ட பரோட்டா மிதக்கிற அளவுக்கு மூன்று கரண்டி ஊற்றினால் சால்னாவே 1200. ஆக பரோட்டாவைவிடச் சால்னாவில்தான் உப்பு அதிகம்.

அதனால் இலையில் ஊற்ற விடாதீர்கள். தனிக் கிண்ணத்தில் ஒரே கரண்டி வாங்கித் தொட்டுச் சாப்பிடுங்கள். முறுகலும் கெடாது. மூன்றுக்குப் பதில் இரண்டு, ஒன்று எண்ணெய்ப் பரோட்டா, ஒன்று கல் பரோட்டா. மூன்றாவதின் இடத்தில் ஒரு ஆம்லெட், உப்புக் கம்மியாக, வெங்காயம் நிறையப் போட்டு.