ஒரு ரூபாய்க்கு உள்ளே

கேள்வி: நாணயம் சேகரிப்பவர்களுக்குப் பிடித்த பிரிவுகள் எவை? நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள்?

ஆளுக்கொரு பைத்தியம். பொறுமையும் பணமும் உள்ளவர்கள் சங்ககாலக் காசுகள் பக்கம் போவார்கள். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேர மன்னர்கள் மாக்கோதை, குட்டுவன் கோதை பெயர் பொறித்த வெள்ளிக் காசுகளைப் பற்றி அவர்களிடம் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள், அன்றைய பொழுது போய்விடும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த காசுக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நினைவு நாணயத்தில் தொடங்குகிறார்கள்: 1995இல் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் காசு, அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய், இப்படி. அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

நான் சேர்ப்பது ஒரு ரூபாய்க்கு உள்ளே அடங்கும் சில்லறை மட்டும். 1943இல் தொடங்கி, 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போன 2011 ஜூன் வரை.

ஏன் 1943 என்றால், ஓட்டைக் காலணா அந்த வருஷம்தான் வந்தது. "ஓட்டைக் காலணாவுக்குப் பெறமாட்டான்" என்று எங்கள் தாத்தா யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு காசு நிஜமாகவே இருந்தது என்று எனக்குத் தெரிந்தது கல்லூரி நாட்களில்தான். இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்கு முன்பிருந்த காலணா கிட்டத்தட்ட 4.9 கிராம். நடுவில் ஓட்டை போட்டு இளைக்க வைத்த புதுக் காசு 2 கிராம்கூட இல்லை. ஓட்டை போட்ட இடத்தில் ராஜா தலையை எப்படி வைப்பது? அதனால் ஆறாம் ஜார்ஜ் முகம் இதில் கிடையாது, மேலே வெறும் கிரீடம்தான். 1947 வரை அடித்தார்கள். போல்ட்டுக்கு வாஷராகவும் நிறையப் போயிருக்கிறது. இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்குள் நல்லதாகவே வாங்கிவிடலாம்.

என் முதல் ஓட்டைக் காலணாவை நானே கெடுத்தேன். பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்தேன், பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி. எண்பது வருஷமாக ஏறியிருந்த பழுப்பு நிறம் பத்து நிமிஷத்தில் போய், தோலுரித்தது போல இளஞ்சிவப்பாக நின்றது. கண்காட்சியில் ஒரு டீலரிடம் காட்டினேன். கையில்கூட வாங்காமல், "குளிப்பாட்டிட்டீங்களா சார்" என்று கேட்டார். தயவுசெய்து பழைய காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம்.

அப்புறம் 1957. ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓரணா 6.25 பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் தினமும் தகராறு வந்திருக்கும். ஆனால் நாலணா சரியாக 25, எட்டணா சரியாக 50. அதனால்தான் அணா ஒழிந்து பல வருஷம் கழித்துப் பிறந்த நானும், காண்டாமிருகம் போட்ட எவர்சில்வர் 25 காசை 'நாலணா' என்றே சொல்லி வளர்ந்தேன். ஓரணாவும் இரண்டணாவும் பேச்சிலிருந்து போய்விட்டன. கணக்கு ஒத்துவந்த பெயர்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன என்பது என் ஊகம்.

இந்தப் பிரிவில் வேலை இருப்பது, எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும், வருஷத்துக்குக் கீழே உள்ள குறியில். வைரம் போலச் சாய்ந்த சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. நொய்டா 1988இல்தான் சேர்ந்தது. ஆக ஒரே வருஷத்து நாலணாவுக்கு நாலு கட்டம் ஆல்பத்தில் ஒதுக்க வேண்டியிருக்கும். வீட்டில் இதை விளக்கப் போய்த் தோற்றேன். "எல்லாம் ஒரே காசுதானே" என்பார்கள். அறுகோண மூன்று பைசா, சதுர ஐந்து பைசா, வளைவு வளைவாக விளிம்புள்ள பத்து பைசா என்றால் அவர்களுக்கும் பிடிக்கும். அலுமினியக் காலத்தில் வடிவத்திலாவது ரசனை இருந்தது.

விலை பற்றி ஒரே வார்த்தை: "பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம்" என்று வரும் விளம்பரங்கள் மோசடி. முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். என் சேகரிப்பு முழுவதையும் விற்றாலும் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு இடிப்பது மஞ்சள் இருபது பைசா, தாமரை போட்டது. 1968 முதல் 1971 வரை வந்தது. என்னிடம் 1971 மட்டும் இல்லை. எங்கள் பெரியம்மா விளக்கு பூஜைக்கு அந்தத் தாமரைக் காசு 108 வைத்திருக்கிறார், அதில் இரண்டு 1971. ஒன்று கேட்டதற்கு, "எண்ணிக்கை குறையக்கூடாதுடா" என்றார். சரி, என்னிடம் உள்ள 1970 ஒன்றைத் தருகிறேன், கணக்கு 108 மாறாது என்றேன். "அது பூஜையில இருந்த காசு இல்லையே" என்கிறார். பேச்சுவார்த்தை ஆடி வெள்ளி வரை தள்ளிப்போயிருக்கிறது.