இங்கிலாந்தில் காரிலேயே படுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா?

கணவனும் மனைவியுமாக இங்கிலாந்தைக் காரில் சுற்றிப் பார்க்க ஆசை, ஓட்டல் வாடகை கட்டுப்படியாகவில்லை, காரிலேயே தூங்கினால் போலீஸ் தொல்லை வருமா, உண்மையில் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். நானும் என் கணவரும் கோடையில் இப்படித்தான் வடக்குப் பக்கம் போய்வருகிறோம். எங்களுடையது பழைய எஸ்டேட் கார், அதாவது பின்பக்கம் நீண்ட கார். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் முன்பதிவுக்கு முன்பே பின்பக்க நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாய்த்த முன் சீட்டில் ஒரு ராத்திரி தூங்கலாம். மறுநாள் முதுகு ஒத்துழைக்காது.

ராத்திரி எங்கே நிறுத்துவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்களைக் கேட்டால் ராத்திரியைவிட சாயங்காலம்தான் பெரும்பாடு. இங்கே கடைத்தெரு ஐந்தரை, ஆறு மணிக்கே அடங்கிவிடும். அருங்காட்சியகங்கள் ஐந்து மணிக்கு மூடும். பல ஊர்களில் பொதுக் கழிப்பறையையும் மாலையில் பூட்டிவிடுவார்கள். படுக்கும் இடத்துக்கோ பத்து மணிக்கு மேல் போய், காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவதுதான் மரியாதை. இடைப்பட்ட அந்த நான்கு மணி நேரம் எங்கே இருப்பது, எங்கே பல் தேய்ப்பது?

அதனால்தான் ஜூன், ஜூலை என்று சொல்கிறேன். அப்போது வடக்கே ஒன்பதரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு மலையே ஏறி இறங்கலாம். மழை பிடித்துக்கொண்டால் பப் இருக்கிறது. ஒரு எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வார நாட்களில் இரவு பத்து மணி வரை இருக்கும், கழிப்பறையும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நம்பிவிடாதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய கடைகள் அன்று 6 மணி நேரம் மட்டுமே திறக்கலாம். மாலை நாலு, ஐந்து மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். ஞாயிறு இரவுச் சாப்பாட்டை மதியமே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, சட்டம். காரில் தூங்குவது இங்கிலாந்தில் குற்றம் இல்லை. நிறுத்தியிருக்கும் நிலம் யாருடையது என்பதுதான் பார்க்க வேண்டியது. கவுன்சில் (உள்ளூராட்சி) கார் பார்க்கிங் பலவற்றில் இரவு தங்கக் கூடாது என்று பலகை இருக்கும். பலகை இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். தென்மேற்கே உள்ள டார்ட்மூர் என்ற திறந்தவெளி மேட்டுநிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதை வைத்துச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது முதுகில் கூடாரத்தைச் சுமந்து நடப்பவர்களுக்கு. நம் காருக்கு அதில் இடமில்லை.

இன்னொன்று, குடித்துவிட்டுக் காரில் படுக்காதீர்கள். வண்டி ஓடாமல் நின்றாலும், அளவுக்கு மேல் குடித்தவர் அதன் பொறுப்பில் இருந்தாலே வழக்கு வரும். "ஓட்டவே இல்லை, தூங்கத்தான் செய்தேன்" என்று அப்புறம் நிரூபிக்கும் பாடு நம்முடையது. எங்கள் வீட்டில் அவர் பீர் கேட்டால் அன்றைக்கு அறை எடுக்க வேண்டும் என்று பேச்சு. பெரும்பாலும் கேட்பதில்லை.

நாங்கள் அதிகம் நம்புவது கிராமத்துப் பப் வாசலைத்தான். உள்ளே போய் முதலில் கேட்டுவிடுவோம்: "இங்கே சாப்பிடுகிறோம், ராத்திரி வண்டியை உங்கள் இடத்தில் விட்டு அதிலேயே படுத்துக்கொள்ளலாமா?" முடியாது என்று சொன்னவர்களும் உண்டு, காலையில் டீ கொடுத்தவர்களும் உண்டு. ஏ ரோடு எனப்படும் முக்கியச் சாலைகளின் ஓரத்தில் வண்டி ஒதுங்கி நிற்க விட்டிருக்கும் இடம், லேபை என்பார்கள், அது அடுத்த வழி. லாரிச் சத்தம் பழக வேண்டும். மோட்டார்வே என்ற விரைவுச் சாலைகளின் ஓய்விடமான சர்வீஸில் 24 மணி நேரமும் கழிப்பறை உண்டு, ஆனால் நிறுத்தம் முதல் 2 மணி நேரம்தான் இலவசம். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். இல்லாவிட்டால் அறை வாடகையைவிடப் பெரிய அபராதம் தபாலில் வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பண்ணை கேம்ப்சைட்டில் (கட்டணம் கட்டிக் கூடாரம் போடும் இடம்) தங்குவோம். வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், துணி உலர்த்தல் எல்லாம் அங்கே முடியும். கூடாரம் இல்லாமல் காரில் படுப்பதைச் சில இடங்களில் ஒப்புக்கொள்வதில்லை, போன் செய்து கேளுங்கள். குளிக்க மட்டும் என்றால் ஊர் நீச்சல் குளமே போதும்.

இரண்டு பேர் மூச்சு விட்டால் காலையில் கண்ணாடியெல்லாம் உள்ளே மழை பெய்த மாதிரி இருக்கும். "ஏங்க, ஜன்னலை ஒரு விரல் இறக்கி வைங்க" என்பது நான் தினமும் சொல்லும் வசனம். குளிர்கிறது என்று மூடிவிட்டால் மெத்தை நனைந்து, மூன்றாம் நாள் நாற்றம் எடுக்கும். கேஸ் அடுப்பை மட்டும் எந்த மழையிலும் காருக்குள் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நாங்கள் வெளியே நின்று ரவா உப்புமா கிண்டுவோம், மழை என்றால் பிரெட்டும் இட்லிப் பொடியும்.

செலவைப் பொறுத்தவரை, மிச்சமாவது முழுக்க அறை வாடகைதான். பெட்ரோலை மோட்டார்வேயில் போடாமல் சூப்பர் மார்க்கெட் பங்க்கில் போடுங்கள். லண்டனுக்குள் வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். புகை மாசு விதிக்குப் பொருந்தாத பழைய வண்டி என்றால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு, நடு ஊருக்குள் நெரிசல் கட்டணம் தனி. அந்தப் பணத்தில் வடக்கே ஒரு நாள் ஓட்டிவிடலாம்.

வடக்கே காசில்லாமல் பார்க்க நிறைய இருக்கிறது. யார்க்கில் தேசிய ரயில் அருங்காட்சியகம் இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களில் சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நிற்கிறது. டர்ஹம் பேராலயத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, உண்டியலில் போடலாம். அங்கிருந்து லிண்டிஸ்ஃபார்ன் தீவு. போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும். நேர அட்டவணையைப் பார்க்காமல் போய்த் தண்ணீரில் மாட்டும் கார்கள் வருஷா வருஷம் உண்டு. பிறகு ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரோடு மேற்கே வந்தால் ஏரி மாவட்டம். கெஸ்விக் பக்கத்தில் காசில்ரிக் கல்வட்டம் இலவசம், விடியற்காலையில் போனால் ஆடுகள் மட்டும்தான் கூட இருக்கும். அதே மாவட்டத்து மலைச்சாலையான ஹார்ட்நாட் கணவாயை, மெத்தையும் பாத்திரமும் ஏற்றிய காரில் முயற்சிக்க வேண்டாம் என்பது என் கருத்து. சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடி ஏறும், எதிரே வண்டி வந்தால் காரை ரிவர்ஸிலேயே இறக்க வேண்டும். என் கணவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே வந்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். டிசம்பரில் வருவதாக இருந்தால் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது காரை மறந்துவிட்டு பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் அறை பாருங்கள், சீசன் இல்லாததால் விலையும் இறங்கியிருக்கும்.