வேலையை விடாமல் பிஎச்.டி. செய்யலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியலும் சிறப்புக் கல்வியில் பி.எட்.டும் முடித்து, ஐந்து ஆண்டுகளாகத் தனியார் சிறப்புப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைகள் பற்றி ஆய்வு செய்ய ஆசை. வேலையை விட வேண்டுமா? இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருந்தால்தான் இடம் கிடைக்கும் என்று ஒரு ஆலோசனை மையம் 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிகளில், சேருவதற்குக் கட்டுரை வேண்டும் என்று எங்கும் இல்லை. தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்றிருந்த பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். இந்த மையங்கள் இதைச் சொல்லாது. இன்று கட்டுரைக்குப் பணம் வாங்குபவர் நாளை சினாப்சிஸுக்கு (ஆய்வுச் சுருக்கத்துக்கு) வாங்குவார், அப்புறம் 'டேட்டாவும் நாங்களே போட்டுத் தருகிறோம்' என்பார். உங்கள் துறையில் அது பெரிய பாவம். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் ஒரு குழந்தைக்கு உதவி தேவை என்று அந்த டேட்டாதான் முடிவு செய்யும்.

வேலையை விட வேண்டாம். பகுதிநேர பிஎச்.டி.க்கு அதே விதிகள் இடம் தருகின்றன. ஆனால் பள்ளியிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்ற ஒரு வரி போதாது. மூன்று விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, பள்ளி வேலைக்கு நடுவிலும் ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் (ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். மூன்றாவதை எழுதித்தரத் தனியார் பள்ளிகள் தயங்கும். வாய்மொழி உறுதியை நம்பிச் சேர்ந்துவிட்டு, கோர்ஸ் வொர்க் நேரத்தில் விடுப்பு கிடைக்காமல் பாதியில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள். பகுதிநேரம் என்பது தொலைதூரக் கல்வி அல்ல. அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. தருகிறோம் என்றால் அது செல்லாது. பிஎச்.டி. முடிக்க ஆறு ஆண்டு வரம்பும், மறுபதிவில் இரண்டு ஆண்டும் போக, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. அவசரப்படுத்தும் ஏஜென்ட்டுக்கு இதுவே பதில்.

இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாலின் என்ற உளவியலாளர் 1969-இல் இந்தியக் குழந்தைகளுக்காகத் தழுவி அமைத்த நுண்ணறிவுச் சோதனையை இன்னும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். இத்தகைய சோதனைகளில் தலைமுறைக்குத் தலைமுறை சராசரி மதிப்பெண் ஏறுவது பல நாடுகளில் தெரிந்த விஷயம். பழைய அளவுகோலில் வைத்துப் பார்த்தால் உதவி தேவைப்படும் குழந்தையும் அறிவுசார் குறைபாட்டுக்கு எல்லையாகக் கொள்ளும் 70 மதிப்பெண்ணைத் தாண்டிவிடும், சான்றிதழ் கைநழுவும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறனாகச் சேர்த்துவிட்டது. அளக்கும் கருவியைப் புதுப்பிக்கத்தான் யாருக்கும் அவசரமில்லை. நம் பல்கலைக்கழகங்களிலோ 'ஆசிரியர்களின் மனப்பான்மை: ஓர் ஆய்வு' என்று மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி தீசிஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மனம் வெறுத்துப்போகிறது.

உங்களிடம் அதைவிட நல்ல தலைப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் குறைபாட்டைக் கண்டறிய, b, d எழுத்துகளை இடம்வலமாக மாற்றி எழுதுவதைப் பார்ப்பார்கள். தமிழ்க் குழந்தை ல, ள, ழவிலும் ர, றவிலும் தடுமாறும், கொம்பை விட்டுவிடும். இதில் எது வயதுக்கு இயல்பு, எது குறைபாடு என்று பிரித்துக் காட்டும் சோதனை வேண்டும். ஐந்து ஆண்டுகளாக நீங்கள் திருத்திய நோட்டுகளே தொடக்கம். பெற்றோர், பள்ளி ஒப்புதலோடு அவற்றைச் சேகரியுங்கள்.

கைடு தேடும்போது, காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்தக் கேள்விகள் சேர்ந்து ஒரே திறனை அளக்கின்றன என்று பார்க்கும் புள்ளியியல் முறை) தெரிந்தவரா, தானே ஒரு சோதனையை உருவாக்கியவரா என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம். சோதனைக் கருவிகளின் ஜெராக்ஸ் பிரதியை யார் விற்றாலும் வாங்காதீர்கள், வெளியீட்டாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பிஎச்.டி. கிடைத்தாலும் அதை மட்டும் வைத்துக் குழந்தைகளுக்குச் சோதனை அறிக்கை எழுதிக் கையெழுத்திட முடியாது. அதற்கு உரிய தகுதியோடு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். சிறப்பு ஆசிரியராக உங்களுக்கு இருக்கும் பதிவையும் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.